தவறே நேரக்கூடாது என்ற பிடிவாதமும் பதிவேட்டில் ஒரு பொய் எண்ணும்

வாசகர் கேள்விக்கு மனநல ஆலோசகரின் பதில்

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 29. அப்பா மாந்தோப்புகளில் காய் பறிக்கும் கூலித் தொழிலாளி. குடும்பத்தில் முதல் பட்டதாரி இவர்தான். உணவு அறிவியல் படித்துவிட்டு, ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டு லேபில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். கணவருக்கு ஓசூரில் வேலை. ஏழு வயதில் ஒரு மகள். சென்ற சீசனில் ஓர் இரவு ஷிப்டில், நள்ளிரவு கடந்ததும் தேதியும் பேட்ச் எண்ணும் மாற வேண்டிய நேரத்தில், முந்தைய நாளின் எண்ணோடு 40 டிரம்களுக்கு லேபிள் ஒட்டப்பட்டுவிட்டது. லேபிளுக்கு ஒப்புதல் கொடுத்தவர் இவர். லாரியில் ஏற்றும் முன்பே அது தெரிந்து, ஒரே பகலில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். ஆனால் உற்பத்தி மேலாளர் எல்லாரும் நிற்க, "படிச்ச புள்ளைன்னுதானே லேப்ல உக்கார வச்சோம்" என்று கேட்டதும், மறுபடி லேபிள் ஒட்டிய செலவைச் சம்பளத்தில் பிடிப்போம் என்று சொன்னதும் இவர் மனத்தில் அப்படியே தங்கிவிட்டன.

அன்றுமுதல் ஒவ்வொரு பிரிக்ஸ் (கூழின் இனிப்புச் செறிவு) அளவையும் மூன்று, நான்கு முறை எடுக்கிறார். ஷிப்ட் முடிந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டுகிறார். வீடு வந்து சேர்ந்தபின், அடுத்த ஷிப்டில் இருக்கும் தோழிக்குப் போன் செய்து, தான் எழுதிய எண்களைப் படித்துக் காட்டச் சொல்கிறார். இந்தச் சீசனில், அப்படிப் பழைய அளவுகளைச் சரிபார்ப்பதில் மூழ்கியிருந்தபோது, ஒரு மணி நேரத்துக்கு உரிய பிரிக்ஸ், புளிப்பு அளவுகளை எடுக்கத் தவறிவிட்டார். வெறுமையாகக் கிடந்த கட்டத்தைப் பார்க்கப் பொறுக்காமல், முன்னும் பின்னும் இருந்த எண்களை ஒட்டி இரண்டு எண்களை எழுதி நிரப்பிவிட்டார். யாருக்கும் தெரியாது. மூன்று வாரமாக அவருக்கு வேறு நினைவில்லை.

அவர் கேட்பவை இவை: நிரப்பிய எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? இது ஒரு தோழி சொல்வதுபோல ஓ.சி.டி. என்ற, ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் மனநோயா? இந்தக் கறார்த்தனத்தை விட்டுவிட்டால் நான் கவனமில்லாதவளாக ஆகிவிட மாட்டேனா? வேலையை விட்டுவிடலாமா? வீட்டுப்பாடத்தை அழித்து அழித்துத் தாள் கிழியும்வரை மகள் எழுதுகிறாளே, அது என்னிடமிருந்து வந்ததா? இவற்றோடு இரண்டு வரிகள் எழுதியிருக்கிறார். ஒன்று, "எங்கள் வீட்டில் தப்பு செய்கிற வசதி யாருக்கும் இருந்ததில்லை." மற்றொன்றை அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார்: "கம்பெனி வேனில் ஏறும்போது, இது வழியில் கவிழ்ந்துவிட்டால் இன்று வேலைக்குப் போக வேண்டாமே என்று சில நாள் தோன்றுகிறது."

அன்புள்ள வாசகிக்கு,

அடைப்புக்குறிக்குள் நீங்கள் வைத்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட அது எனக்கு முக்கியம். தன்னைத் தானே மாய்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஒரு விபத்து வந்து இந்தச் சுமையை இறக்கிவிடாதா என்று மனம் ஏங்குவதும் கவனிக்கப்பட வேண்டிய நிலைதான். அது உங்கள் களைப்பு எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. இன்றே கணவரிடமோ, உங்களைத் திட்டாமல் கேட்கக்கூடிய இன்னொருவரிடமோ இந்த வரியை அப்படியே சொல்லுங்கள். அதைச் சொல்ல வாய் வராவிட்டால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அந்த அரசு மனநல உதவி எண் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, இரவிலும் தமிழில் பேசலாம். அந்த எண்ணம் அடிக்கடி வரத் தொடங்கினாலோ, 'எப்படி' என்ற யோசனை அதோடு சேர்ந்துகொண்டாலோ, அன்று வேலைக்குப் போகாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இந்தப் பதிலின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

அந்தக் கட்டத்தில் எழுதிய எண்கள்

உங்கள் கடிதத்தில் லேபிள் விஷயத்துக்கு இரண்டு பக்கமும், இந்த எண்களுக்கு ஐந்து வரியும் ஒதுக்கியிருக்கிறீர்கள். என் கணிப்பில் எடை அதற்கு நேர்மாறானது. லேபிள் மாறியது தவறு. கட்டத்தை நிரப்பியது அந்த வகையைச் சேர்ந்தது இல்லை. அது தெரிந்தே எழுதிய பொய்ப் பதிவு. இதை உங்களை மேலும் வருத்துவதற்காகச் சொல்லவில்லை. கடந்த ஆண்டு நடந்ததற்காக உங்களை நீங்கள் மிகக் கடுமையாகத் தண்டித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தண்டனைக்குப் பயந்துதான் இந்த ஆண்டு, நீங்கள் மதிக்கும் ஒன்றையே மீறினீர்கள். குறையே இல்லாத பதிவேடு வேண்டும் என்ற பிடிவாதம் உங்களை உண்மையான பதிவேட்டிலிருந்து விலக்கிவிட்டது என்பதைத்தான் நீங்கள் காண வேண்டும் என்று விரும்புகிறேன்.

உங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகச் சேரும் பெண்களுக்கு நீங்களே அதைச் சொல்லிக்கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள்: பதிவில் தவறு நேர்ந்தால் ஒயிட்னர் பூசக்கூடாது, மேலே கிறுக்கக்கூடாது, பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அளவு எடுக்கவில்லை என்றால் 'எடுக்கப்படவில்லை' என்று எழுதிக் காரணத்தைக் குறிக்க வேண்டும். இப்படி ஒரு விதியை உண்டாக்கியவர்கள், மனிதர்கள் தவறுவார்கள் என்பதைக் கணக்கில் கொண்டுதான் உண்டாக்கினார்கள். உணவுத் தொழிற்சாலையின் பதிவேட்டில் அடித்தல் இருப்பது இழுக்காகாது. பிற்பாடு ஏதேனும் புகார் வந்தால் எந்த டிரம், எந்த நேரம், யார் பார்த்தார்கள் என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க உதவும் ஒரே ஆதாரம் அந்தப் பதிவேடு. அதில் இருக்கும் ஒரு வெற்றுக் கட்டம் உண்மையைச் சொல்கிறது, நிரப்பிய எண் சொல்வதில்லை.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: சொல்லுங்கள். கிருமி நீக்க வெப்பநிலை போன்ற, உண்பவரின் உடல்நலத்தைத் தொடும் அளவாக இது இருந்திருந்தால் இந்த வாரம் என்றுகூடச் சொல்லாமல், கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சொல்லுங்கள் என்றிருப்பேன். பிரிக்ஸும் புளிப்பும் பெரும்பாலும் தரத்தைப் பற்றியவை என்பதால் எப்படிச் சொல்வது என்று யோசிக்க ஓரிரு நாள் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். உற்பத்தி மேலாளரிடம் போகாதீர்கள். உங்கள் நேரடிப் பொறுப்பாளரான தர மேலாளரிடம், தனியாக, ஷிப்ட் மாறும் அவசரத்தில் இல்லாத நேரத்தில் பேசுங்கள். முன்கூட்டியே ஒரு தாளில் தேதி, நேரம், அந்த மணி நேரத்தில் நிரம்பிய டிரம்களின் எண்கள், எந்த அளவுகள் எடுக்கப்படவில்லை, நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேட்சிலிருந்தும் வைத்திருக்கும் மாதிரிகள் உங்கள் லேபில் இருக்கும் அல்லவா? அவற்றை எடுத்து மீண்டும் சோதித்துவிடலாம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். "நான் ஒரு மோசமானவள்" என்பது போன்ற வாக்கியங்கள் அந்தப் பேச்சில் இடம்பெற வேண்டாம். கேட்பவர் உங்களுக்கு ஆறுதல் சொல்வதா, டிரம்களைப் பார்ப்பதா என்று தடுமாறுவார். பேச்சு டிரம்களைப் பற்றியதாகவே இருக்கட்டும்.

இதில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மெமோ வரலாம், வேறு பிரிவுக்கு மாற்றலாம், வேலையே போகவும் கூடும். பதிவைத் திரித்ததை எந்த நிர்வாகமும் லேபிள் தவறைப்போல எடுத்துக்கொள்ளாது. ஆனால் தணிக்கைக்கு வருபவர் கண்டுபிடித்து நீங்கள் விளக்கம் சொல்வதற்கும், நீங்களாகவே போய்ச் சொல்லி மாதிரியைச் சோதித்துக் கொடுப்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. மூன்று வாரமாக உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது எது என்பதையும் இதோடு வைத்து எண்ணிப் பாருங்கள்.

கறார்த்தனம்தான் உங்களை உயர்த்தியதா?

வீட்டில் 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று ஆறுதல் சொல்கிறார்கள், ஆனால் அது உங்களைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் தொடவில்லை என்று எனக்குப் புரிகிறது. சறுக்கினால் எழுந்துகொள்ள யானைக்குப் பலம் இருக்கிறது. நாள் கூலியில் ஓடும் வீட்டில் ஒருமுறை தேர்வில் தவறினால் உதவித்தொகை நின்றுவிடும், உதவித்தொகை நின்றால் படிப்பு நின்றுவிடும். 'தப்பு செய்கிற வசதி எங்களுக்கு இல்லை' என்று நீங்கள் எழுதியது வெறும் மனப்பிரமை இல்லை. அன்று அதுதான் நிலைமை. உங்கள் கவனம் அந்த நிலைமையில் உங்களைக் காப்பாற்றியது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலிருந்தும் என்னிடம் வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரிடம் இதே கறார்த்தனத்தைப் பார்க்கிறேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் அதன் பின்னால் இருக்கும் உழைப்பை எண்ணி மதிப்புத்தான் எழுகிறது.

ஆனால் அதற்குள் இரண்டு வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன, அவற்றை நீங்கள் ஒன்றாகவே எண்ணுகிறீர்கள். நல்ல கூழ் போக வேண்டும், அளவு சரியாக இருக்க வேண்டும் என்ற அக்கறை ஒன்று. அளவு தவறினால் நான் இந்த லேபில் உட்காரத் தகுதியற்றவள், அப்பாவின் உழைப்பு வீண் என்ற தீர்ப்பு மற்றொன்று. உளவியலாளர் ரோஸ் ஷாஃப்ரனும் அவருடைய சகாக்களும் 2002 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் சிகிச்சை தேவைப்படும் அளவிலான பூரணத்துவ நாட்டத்தை இப்படித்தான் விளக்கினார்கள்: தனக்குத் தானே விதித்த கடும் அளவுகோலை எட்டுவதன்மேல் மட்டுமே ஒருவர் தன் மதிப்பு முழுவதையும் நிறுத்திவைப்பது, அதனால் கேடு விளைந்தாலும் விடாமல் தொடர்வது. உளவியலாளர் ராண்டி ஃபிராஸ்ட் 1990 இல் வகுத்த அளவீட்டிலும் உயர்ந்த தரம் வைத்துக்கொள்வது ஒரு கூறாகவும், தவறுகளைப் பற்றிய அச்சம் தனிக் கூறாகவும் இருக்கின்றன. பின்னது மிகுந்திருப்பவர்களிடம்தான் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம் காணப்படுகின்றன. ஆகவே அச்சத்தைக் குறைத்தால் அக்கறையும் போய்விடும் என்று நீங்கள் அஞ்சத் தேவையில்லை. லேபிள் சம்பவத்துக்கு முந்தைய நான்கு சீசன்களில், ஓர் அளவை ஒருமுறை எடுத்து எழுதிவிட்டு வீட்டுக்குப் போன நாட்களில், நீங்கள் கவனமில்லாதவராக இருந்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். அந்த இரவில் தவறு எங்கே இருந்தது? நள்ளிரவில் எண் மாற வேண்டிய இடத்தில், ஒரே ஒருவருடைய நினைவைத் தவிர வேறு எந்தத் தடுப்பும் உங்கள் தொழிற்சாலையில் இல்லை. பிழை ஆய்வில் பேர்பெற்ற உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், தவறு செய்த மனிதரைப் பார்ப்பதோடு நிற்காமல், அவரைச் சுற்றியிருந்த தடுப்புகளில் எங்கெங்கே ஓட்டை இருந்தது என்று பார்க்கச் சொல்வார். எண் மாறும் ஒவ்வொரு முறையும் முதல் லேபிளைப் பதிவேட்டிலேயே ஒட்டி, லேபில் ஒருவரும் நிரப்பும் பகுதியில் ஒருவரும் கையெழுத்திட்ட பிறகே மற்றவற்றை அச்சிடுவது என்ற முறை அன்று இருந்திருந்தால், இரண்டாவது டிரம்முக்கு முன்பே அது பிடிபட்டிருக்கும். தர மேலாளரிடம் பேசப் போகும்போது இதையும் எழுதிக் கொடுங்கள். உங்கள் கவனத்தை இரட்டிப்பாக்குவதைவிட இது ஆயிரம் டிரம்களைக் காக்கும்.

நான்காவது முறை பார்ப்பதால் என்ன ஆகிறது

மீண்டும் மீண்டும் பார்த்தால் நிச்சயம் கூடும் என்பது எல்லாரும் நம்புவது. ஆனால் உண்மை வேறு. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்செல் வான் டென் ஹவுட், மெரெல் கிண்ட் என்ற இருவர் 2003 இல் ஒரு சோதனை நடத்தினார்கள். கணினித் திரையில் தெரியும் எரிவாயு அடுப்பை மூடிவிட்டோமா என்று சிலரை மறுபடி மறுபடி சரிபார்க்கச் செய்தார்கள். அவர்கள் கடைசியாகப் பார்த்ததைச் சரியாகவே சொன்னார்கள். ஆனால் தங்கள் நினைவின் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை குறைந்துவிட்டது, பார்த்த காட்சியும் மங்கலாகிவிட்டது. குழம்பில் உப்பு போதுமா என்று பத்து முறை சுவைத்தவருக்குப் பத்தாவது முறை நாக்கு எதையும் சொல்லாது அல்லவா, அதைப்போல. தோழிக்குப் போன் செய்து கேட்டபின்னும் ஏன் நிம்மதி வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கேட்பதே நிம்மதியைக் கரைக்கிறது. போதாக்குறைக்கு, அந்தச் சரிபார்ப்புதான் ஒரு மணி நேர அளவை உங்களைத் தவறவிடச் செய்தது.

இரவு ஷிப்டில் இதன் விலை இன்னும் கூடுதல். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்திருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் டாசன், ரீட் 1997 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஷிப்ட் முடிந்தும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து போனில் இன்னொரு மணி நேரம் கழித்துவிட்டு, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அரைகுறையாகத் தூங்கி எழுபவர், தவறைத் தடுக்கச் செலவிடும் நேரத்தாலேயே அடுத்த தவறை அருகில் கொண்டுவருகிறார்.

எனவே நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். உங்கள் லேபின் எழுத்து வழிமுறை ஓர் அளவை எத்தனை முறை எடுக்கச் சொல்கிறதோ அத்தனை முறை எடுங்கள். அதில் ஒன்றுகூடக் குறைக்காதீர்கள், ஒன்றுகூடக் கூட்டாதீர்கள். எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள், எழுதியதும் பதிவேட்டை நகர்த்திவிடுங்கள். திரும்பப் பார்க்கத் துடிக்கும். அந்தத் துடிப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று ஒரு சீட்டில் குறியுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி குறியுங்கள். எதுவும் செய்யாமலேயே அது இறங்குவதை நீங்களே காண்பீர்கள். முதல் சில நாள் மெதுவாக இறங்கும், பிறகு விரைவாக. லேபில் இதைத் தொடங்கத் துணிவு வராவிட்டால் வீட்டில் தொடங்குங்கள்: மளிகைக் கணக்கு, பள்ளி நாட்குறிப்பில் போடும் கையெழுத்து, மேலாளருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி. ஒருமுறை படித்து அனுப்பிவிடுங்கள். தோழிக்குப் போன் செய்வதை முழுவதுமாக நிறுத்துங்கள், நிறுத்துவதற்கான காரணத்தை அவரிடம் சொல்லி வையுங்கள். நீங்கள் பலவீனமாகி அழைத்தால் எண்ணைப் படிக்காமல் வேறு கதை பேசச் சொல்லுங்கள்.

இது நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சரிபார்ப்பில் போவதும், அதனால் வாழ்க்கை பாதிக்கப்படுவதும் ஓ.சி.டி.யை மருத்துவர்கள் எண்ணிப் பார்க்கும் அடையாளங்களில் சேர்ந்தவை. அதனால் உங்கள் தோழி சொன்னதை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் உங்கள் சரிபார்ப்பு ஒரு குறிப்பிட்ட சம்பவத்துக்குப் பிறகு தொடங்கி, வேலையோடு மட்டும் நிற்கிறது; வேன் பற்றிய எண்ணமும் தூக்கக் குறைவும் மனச்சோர்வின் பக்கமும் கை காட்டுகின்றன. கடிதத்தை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது, தீர்மானிப்பதும் தவறு. ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலமும் இலவசமாகச் சிகிச்சை பெறலாம். கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்க வேண்டிய கடமையை மருத்துவர்மேல் சுமத்துகிறது. உங்கள் முதலாளி கேட்டாலும் அவர் சொல்லக்கூடாது. அங்கே போனதும் மாத்திரைதான் என்றும் எண்ண வேண்டாம். மேலே நான் சொன்ன பயிற்சியின் விரிவான வடிவமே இதற்கான உளவியல் சிகிச்சைகளில் முதன்மையானது. மாத்திரை தேவை என்று மருத்துவர் சொன்னால் அதையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பளப் பிடித்தமும் உங்கள் உரிமையும்

இதில் சுருக்கமாகச் சொல்வேன், ஏனெனில் இது வழக்கறிஞரின் துறை. தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்குச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும், பிடிப்பது உண்மையான இழப்பின் அளவைத் தாண்டக்கூடாது. 1936 ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, அதற்கு மாற்றாக வந்த 2019 ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மேலாளர் கோபத்தில் சொன்னதாலேயே பிடித்துவிட முடியாது. சம்பளச் சீட்டுகளை எடுத்து, இதுவரை ஏதாவது பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மெமோ வந்தால் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பதிலில் நடந்தவை மட்டும் இருக்கட்டும், நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். வெற்றுத் தாளிலோ, வேறொருவர் எழுதிய மன்னிப்புக் கடிதத்திலோ, ராஜினாமாக் கடிதத்திலோ அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். "படித்துப் பார்த்து நாளை தருகிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி தருகிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

எல்லார் முன்னிலையிலும் உங்களைக் கேட்ட கேள்வி அநியாயமானது. அதனால் வேதனைப்பட்டது உங்கள் பலவீனம் இல்லை. அமெரிக்க மருத்துவமனைகளில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் செய்து 1996 இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறியதால் இருக்காது, தவறியதைப் பயமின்றிச் சொன்னதால் இருக்கலாம் என்று அவர் விளக்கினார். தவறு செய்தவரை நிற்க வைத்துத் திட்டும் இடத்தில் தவறு குறையாது. அது கண்ணுக்குத் தெரியாமல் போகும். உங்கள் பதிவேட்டின் அந்தக் கட்டம் அதற்குச் சாட்சி. அதில் உங்கள் பங்கு உண்டு, அந்த மேலாளரின் பங்கும் உண்டு.

மகளும், வேலையை விடும் முடிவும்

குழந்தை உங்களைப் பார்த்துத்தான் கற்றாள் என்று உறுதியாகச் சொல்ல எனக்குப் போதிய விவரம் இல்லை. சில குழந்தைகள் இயல்பிலேயே அப்படி இருப்பதும் உண்டு. ஆனால் வீட்டில் பெரியவர்கள் தவறை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைக் குழந்தைகள் உற்றுக் கவனிக்கிறார்கள். "அழிக்காதே" என்று கண்டிக்காதீர்கள், அது இன்னொரு விதியாகிவிடும். ஒரு பக்கத்துக்கு ஒருமுறை மட்டும் ரப்பர், மற்ற தவறுகளுக்கு ஒற்றைக் கோடு என்று அவளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்; உங்கள் லேபின் விதியே அவளுக்கும் போதும். அவளுடைய ஆசிரியையிடமும் அதைச் சொல்லி, கோடு போட்டதற்கு மதிப்பெண் குறைக்காமலிருக்கக் கேளுங்கள். மதிப்பெண் பட்டியல் வரும் நாளில் உங்கள் முகத்தை அவள் பார்ப்பாள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேலையை விடுவதைப் பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். சீசனின் நடுவில், தூக்கமில்லாமல், சொல்லாத ஒரு விஷயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு, விலகுவதாக இருந்தாலும் ஓடிப்போவதாகவே உங்களுக்குள் பதியும். அடுத்த வேலையிலும் முதல் தவறு நேரும்; அப்போதும் இதே தீர்ப்பு எழும். பதிவேட்டைச் சரிசெய்யுங்கள், மருத்துவரைப் பாருங்கள், அவர் ஓய்வு தேவை என்று சொன்னால் மருத்துவ விடுப்பு எடுங்கள். காய் வரத்துக் குறைந்து சீசன் ஓய்ந்த பிறகு, கணவரோடு உட்கார்ந்து இரண்டு கேள்விகளைப் பேசுங்கள். நீங்கள் உண்மையைச் சொன்னபோது நிர்வாகம் எப்படி நடந்துகொண்டது? இரண்டு கையெழுத்து முறையைக் கொண்டுவந்தார்களா, அல்லது உங்களை மறுபடி எல்லார் முன்னிலையிலும் நிறுத்தினார்களா? பின்னது நடந்திருந்தால் தாராளமாக வேறு இடம் பாருங்கள். ஐந்து ஆண்டு லேப் அனுபவம் உள்ளவருக்கு நம் மாவட்டத்தின் மற்றக் கூழ் தொழிற்சாலைகளிலும் ஓசூர்ப் பக்கத்து உணவு நிறுவனங்களிலும் விண்ணப்பிக்க வழி உண்டு. முன்னறிவிப்புக் காலத்தை முழுதாக வேலை செய்து, அனுபவச் சான்றிதழையும் விடுவிப்புக் கடிதத்தையும் கையில் வாங்கிய பிறகே வெளியே வாருங்கள்.